ஓடையில் விழுந்த துப்பாக்கி

கம்பத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் எங்கள் போலீஸ் முகாம் இருந்தது. ஆயுத அறை என் பொறுப்பு. காவலுக்குப் போகிறவர்களுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பேன். திரும்பி வந்ததும் சோதித்து வாங்கி, பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவோம். நான்கு வருடம் அந்த வேலையில் ஒரு பிசகும் வந்ததில்லை.

அதே முகாமில் காவலுக்குப் போகும் என் தோழியும் நானும் ஒரே நாளில் போலீஸில் சேர்ந்த பெண்கள். பயிற்சிப் பள்ளியில் அடுத்தடுத்த கட்டில். கம்பத்தில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் எட்டு நாள் எனக்குத் துணையாக இருந்தது அவள்தான். இதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது வெறும் முட்டாள்தனமாகத்தான் தெரியும்.

ஐப்பசி மழை. சோதனைச் சாவடியில் காவல் முடிந்து அவள் இறங்கி வந்த ஜீப், சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடிய ஓடை வெள்ளத்தில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. தோளில் இருந்த துப்பாக்கி தண்ணீருக்குள் போய்விட்டது. அவளும் டிரைவரும் கால்மணி நேரம் துழாவி மணலுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏய், இத புஸ்தகத்துல எழுதிராதடி."

"எழுதாம எப்பிடி? தண்ணியில விழுந்தா எழுதணும்ல?"

"ஏட்டு புரமோஷன் லிஸ்ட் வரப்போகுது. இப்ப ஒரு மெமோ வாங்குனா எம் பேரு போயிரும். நீ தொடச்சு வச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது? டிரைவரண்ணன் சொல்ல மாட்டாக."

நான் எழுதினேன்: நல்ல நிலையில் பெறப்பட்டது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கதவைச் சாத்திவிட்டு, குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, சாக்கை விரித்துப் பாகம் பாகமாகக் கழற்றினேன். அவசரத்தில் பலரும் முதலில் எண்ணெய்தான் விடுவார்கள். மணல் இருக்கும்போது எண்ணெய் பட்டால் இரண்டும் சேர்ந்து குழம்பாகி இரும்பையே தேய்த்துவிடும். முதலில் நல்ல தண்ணீர் வேண்டும். குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கழுவினேன். இடுக்குகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். கயிற்றில் துணியைக் கட்டிக் குழல் வழியாக இழுத்தால் முதல் துணி செம்மண் நிறத்தில், அபிரகத் துகள் மினுங்க வந்தது. பதினான்காவது துணிதான் வெள்ளையாக வந்தது.

வெயில் இல்லாத நாட்கள். ஆபீஸ் மேஜை விசிறியைத் தூக்கிவந்து காயவைத்தேன். துப்பாக்கியின் மரப்பிடியைத் தனியே வைத்தேன். நன்றாக உலர்ந்த பிறகே மெல்லிசாக எண்ணெய். ஒரு நாளில் முடிகிற காரியமும் இல்லை. இடுக்கில் பதுங்கிய ஈரம் மறுநாள் வியர்வை போல் மேலே வரும். மறுபடி துடைக்க வேண்டும். மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அதற்கே போனது. இரண்டாம் நாள் அவள் புளியோதரை கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் துணி கிழித்துக் கொடுத்தாள். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காட்டி, "எழுதிப் போட்டு ஆறு மாசமாச்சு, கூரைய அடைக்க ஒரு ஆளு வரல" என்று அவளிடம் அலுத்துக்கொண்டேன்.

ஓர் இடம் மட்டும் எனக்குப் பணியவில்லை. குழலுக்கு மேலே, வெடிப்புகை போகும் சின்ன உருளையின் மூடி மணல் ஏறி இறுகிவிட்டது. தலைமையிடத்து ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம்தான் அதற்குரிய கருவி உண்டு. அவரைக் கேட்டால் காரணம் எழுத வேண்டும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, யாருக்கும் கொடுக்காமல் அப்படியே வைத்தேன். அது என் தவறுதான்.

மூன்று வாரம் கழித்து ஆயுதச் சோதனை வந்தது. பழுதுபார்ப்பவர் அந்த மூடியைத் திருகித் திறந்து வெள்ளைத் தாளில் தட்டினார். துருவும் மணலும் கொட்டின.

"இது தண்ணிக்குள்ள கெடந்த துப்பாக்கி. எப்பம்மா விழுந்துச்சு?"

அவள் சொல்லட்டும் என்று நின்றேன். அதைக் கடைசியாக எடுத்துப் போனவள் என்று பதிவேட்டைப் பார்த்து இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டார். விறைப்பாக நின்று சொன்னாள்:

"தண்ணியில விழுகல ஐயா. நான் நல்லபடியாத்தான் ஒப்படைச்சேன், புஸ்தகத்துல இருக்கு. அந்த ரூம்பு கூரை ஒழுகுது ஐயா. அங்கன நனைஞ்சிருக்கும்."

பதிவேடு என் பக்கம் திரும்பியது. என் கையெழுத்து. அதன் பிறகு நான் சொன்ன உண்மை எனக்கே பொய் மாதிரி ஒலித்தது. டிரைவரைக் கேட்டார்கள். "நான் வண்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன் ஐயா, கவனிக்கல" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் பணிப் பதிவில் தண்டனை ஏறியது. சனிக்கிழமைகளில் குச்சனூர் கோயிலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு மாற்றினார்கள். ஏட்டு லிஸ்டில் அவள் பெயர் வந்தது.

சோதனை நடந்த அன்று மாலையே மாடிப்படியில் எனக்காகக் காத்திருந்தாள்.

"அந்த நேரத்துல வாயில வந்துருச்சுடி. வேணும்னு சொல்லல."

"கூரை ஒழுகுறதும் வாயில தானா வந்துச்சா?"

"நீ அன்னைக்கே எழுதிருக்கலாமுல்ல?" என்றாள்.

அவள் சொன்னதிலேயே அதிகம் சுட்டது அதுதான். எழுதியிருக்கலாம்தான். அடுத்த வாரமே ஜெயமங்கலத்துக்கு வீடு மாறிவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஓய்வு பெற்ற அந்த டிரைவர் என்னைத் தேடி வந்தார். "பாவம் பண்ணிட்டேன் ஆத்தா. பென்ஷன் நின்னுரும்னு பயந்துட்டேன்" என்றார். நடந்ததை எழுதிக் கொடுத்தார். நான் மேல்முறையீடு செய்தேன். தண்டனை வெறும் கண்டிப்பு என்ற அளவுக்குக் குறைந்தது. பொய்யாக எழுதியதற்கு அது எனக்கு உரியதுதான்.

விசாரித்த அதிகாரி கடைசியில் கேட்டார்: "அந்தம்மா மேல புகார் குடுக்குறீங்களா? கூப்பிட்டு விசாரிக்கலாம்."

வேண்டாம் என்றேன். என் பெருந்தன்மையைப் பாராட்டினார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவள் மறுபடி விறைப்பாக நின்று "இல்ல ஐயா" என்று சொல்வதை, ஒரே அறையில் நின்று இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது.