ஐஸ் கம்பெனி லைனில் ஒரு மலிவு விலை சென்சார்

கரண்ட் ஒழுங்காக இருக்கும்வரை எங்களை யாருக்கும் தெரியாது. போய்விட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்படி ஒரு தொழில் இது. வயரைக் கவ்விக்கொண்டு, அதில் ஓடும் கரண்டை அளந்து செல்போனுக்கு அனுப்பும் சென்சார்களைத் தூத்துக்குடியில் மாட்டித் திரிகிறேன். புதுச் சரக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்து நொந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சோப்பு டப்பா

கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் சோப்பு டப்பா அளவே இருந்த சென்சாரைக் கையில் வாங்கி எடை பார்த்தார். விலையைச் சொன்னேன். அதுதான் தப்பு, இவ்வளவு மலிவா என்று முகம் சுருங்கிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்து லைனில் மூன்று மாதம் மாட்டலாம், ஒரு பழுதையாவது முன்கூட்டியே காட்டாவிட்டால் கழற்றிவிட வேண்டும் என்றார். கழற்றினால் என் வேலையும் போய்விடும் என்று எங்கள் கம்பெனியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வாசல் வரை போனவனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இது லைன்ல மாட்டவா, கொலுவுல வைக்கவா?"

பூஜ்யம்

அந்த லைனில் பெரிய ஆள் ஐஸ் கம்பெனி அண்ணாச்சி. அவர் மோட்டாருக்கும் ஒன்று மாட்டினேன். மோட்டார் காதைப் பிளக்கிறது, செல்போன் பூஜ்யம் காட்டுகிறது. பார்த்தால், ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டிய கிளிப்பை மூன்று வயரும் சேர்ந்த கேபிளில் மாட்டியிருக்கிறேன். சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு பூஜ்யம்தான் வரும். ஊருக்கெல்லாம் இதை வகுப்பெடுப்பவனே நான்தான். மானம் போயிற்று. அண்ணாச்சி அந்தப் பூஜ்யத்தை ஆசையாகப் பார்த்தார். "அத மாத்தாதீங்க தம்பி, ரீடிங் எடுக்க வாரவரு இதையே எழுதிட்டுப் போவட்டும்."

துரு

இரண்டாவது மாதம் எல்லாச் சென்சாரும் கரண்டைக் குறைத்துக் காட்டின. லைன்மேன் சூசை ஏறிப் பார்த்தார். உப்பளக் காற்றில் கிளிப்பின் வாய் துருப்பிடித்து, மூடாமல் நின்றது. எனக்கு அழுகை வராத குறை. சூசை துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார்; அளவு சரியாகிவிட்டது. "இந்தக் காத்துல மனுசனே துருப்பிடிச்சிப் போவான் சார், இது எந்த மூலைக்கு."

கருகிய துண்டு

கடைசி வாரம். ஐஸ் கம்பெனிக்குப் போகும் மூன்று வயரில் ஒன்றில் மட்டும் கரண்ட் விழுந்து விழுந்து எழுந்தது. லைனை நிறுத்தச் சொல்லி இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அரை மனதோடு அரை மணி நேரம் கொடுத்தார். படகுகள் ஐஸுக்குக் காத்துக் கிடக்க, அண்ணாச்சி என்னை முறைத்துக்கொண்டே நின்றார். மேலே ஒன்றுமில்லை என்றால் என் கதை முடிந்தது. சூசை ஏறினார். போஸ்ட் உச்சியில் வயர் இணைப்பு கருகி, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினார்.

மறுநாள் நானும் சூசையும் பெருமையாக ஆபீசில் போய் நின்றோம். இன்ஜினியர் புகார் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அரை மணி நேரம் கரண்ட் இல்லை என்று அண்ணாச்சி கொடுத்த புகார் மட்டும்தான் இருந்தது. ஒன்றுமே கெட்டுப்போகவில்லையே, பிறகு இது எதைக் கண்டுபிடித்தது என்று கேட்டார். சூசை சட்டைப் பையிலிருந்து கருகிய வயர்த் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். இன்ஜினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் இருபது போஸ்ட்ல மாட்டுங்க தம்பி. அந்த சைக்கிள் டியூப மறந்துராதீங்க."

போகாத கரண்டைக் காப்பாற்றினேன் என்றால் யாரும் நம்புவதில்லை என்பதால், சென்சார் இல்லாமல்கூட வெளியே கிளம்புகிறேன், சூசையிடம் கேட்டு வாங்கிய அந்தக் கருகிய துண்டு சட்டைப் பையில் இல்லாமல் கிளம்புவதில்லை.