முடி உலர்த்திக்கு அடியில் ஒரு கைபேசி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓபல் ட்ரெக்ஸ்லர் தன் கைபேசியைத் துவாலையில் சுற்றுவார். தலைக்குக் குளித்த பெண்களுக்குக் கட்டிவிடுவது போலவே, முன்னால் ஒரு முறுக்கு, பின்னால் ஒரு செருகல். பிறகு அதை மூன்றாம் நாற்காலியில் உட்கார வைத்து, முடி உலர்த்தும் கூட்டை இழுத்து அதன்மேல் கவிழ்ப்பார். உலர்த்தியின் மின்கம்பி சுவரிலிருந்து பிடுங்கித்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பார். "இருடி அங்கயே. வாயத் தொறக்காத," என்பார். அதற்குப் பிறகுதான் கருமருந்து டப்பா மேசைக்கு வரும்.

திங்கட்கிழமை அழகு நிலையத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் ஊர்ப் பெண்களுக்குச் சுருள் வைக்கும் அதே மேசையில், அன்று ஆறு பேரின் பழங்காலச் சுழல் துப்பாக்கிகளுக்குத் தாள் தோட்டா சுருட்டுவார். உலோக உறை கிடையாது. தாளோடு சேர்த்தே துப்பாக்கியின் சுழல் அறைக்குள் இடிக்க வேண்டும். சுட்டதும் தாளும் மிச்சமில்லாமல் எரிந்துபோக வேண்டும். சுருள் வைக்கும்போது முடி நுனியைப் பொதிகிற மெல்லிய தாள்தான் இதற்கும். சாம்பல் நிற முடிச்சுருளி ஒன்றை நுனியில் அரம் வைத்துச் சீவி, தாள் சுற்றும் அச்சாக்கி வைத்திருக்கிறார். ஒரு சுற்று, பசைக்குச்சியால் ஒரு இழுப்பு, வாலில் ஒரு மடிப்பு. முதலில் மருந்து ஓர் அளவு, அதன்மேல் இடத்தை நிரப்பச் சோளக் குருணை ஓர் அளவு, கடைசியாக ஈயக் குண்டு. குண்டை வைத்ததும் கட்டைவிரலால் லேசாக ஒரு தட்டு, சுருள் வைத்து முடித்த தலையைத் தட்டுவது போல.

அறுபத்து மூன்று வயதில் ஒரு தடவைகூட ஓபல் சுட்டதில்லை. சத்தம் ஆகாது. "டெல்பர்ட்டுக்கு வெரல் ஒவ்வொண்ணும் சாசேஜ். தாளத் தொட்டாலே கிழியும். அதான் நான் சுருட்ட ஒக்காந்தேன்," என்பார். டெல்பர்ட் அவருடைய கணவர். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்த பெண்ணோடு அரிசோனா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. "அவரு போயிட்டாரு. அவரோட துப்பாக்கிக் கூட்டம் எங்கிட்டயே தங்கிடுச்சு."

அந்தக் கூட்டத்தில் மெர்ல் கோப்லர் ஒருவர். தானியக் கிடங்கில் முப்பது வருடம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் நடக்கிற மாநிலப் பந்தயத்தில் அணிக்கு முதல் ஆளாக நிற்க ஆறு வருடமாகக் காத்திருந்து, இந்த வருடம்தான் அந்த இடத்தைப் பிடித்திருந்தார். ஜூன் மாதப் பயிற்சியில் அவருடைய நான்காவது சூடு வெடிக்கவில்லை. 'டிக்' என்று மட்டும் கேட்டது. மெர்ல் யோசிக்காமல் துப்பாக்கியின் சுத்தியலை மறுபடி இழுத்தார். அணித் தலைவர் ரோஸ்கோ டிம்ஸ் "நிறுத்து!" என்று போட்ட கத்தலில் பக்கத்து வயலின் காகங்கள் எழுந்தன. மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு மட்டும் வெடித்துத் தள்ளியதில், குண்டு குழலுக்குள் ஓர் அங்குலம் போய் மாட்டியிருந்தது. அடுத்தது வெடித்திருந்தால் குழலோடு மெர்லின் விரல்களும் போயிருக்கும்.

குழலில் குண்டு சிக்கக் காரணமானவருக்கு அந்த வருடம் முழுக்கச் சுடும் கோட்டில் இடமில்லை. அது அணியின் விதி. அன்று மாலையே ரோஸ்கோவின் டயர் கடையில் கூடினார்கள்.

"பையில ஒரு தோட்டா வால் கிழிஞ்சு கெடந்துச்சு. மருந்து கொட்டிப்போச்சு. பாக்காம சொருகிட்டேன்," என்றார் மெர்ல்.

"பொய்," என்றார் ஓபல். "வால் கிழிஞ்சா மருந்தோட குருணையும்ல கொட்டும்? ரோஸ்கோ கம்பி விட்டுத் தள்ளினப்ப ரெண்டு அளவு குருணை வந்துச்சே. மருந்து போட வேண்டிய எடத்துலயும் நான் குருணையப் போட்டிருக்கேன். பாதியில போன் வந்துச்சு. பேசிட்டு வந்து, விட்ட எடத்த மறந்துட்டேன்."

"ஒக்காரு மகராசி. நேத்து ராத்திரி தின்னதே ஒனக்கு ஞாபகம் இருக்காது," என்றார் மெர்ல்.

"மீட்லோஃப். ஒம் பொண்டாட்டி குடுத்து விட்டது. உப்பே இல்ல."

டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரோஸ்கோ சிரிக்கவில்லை. "போன்ல யாரு, மிஸ் ஓபல்?"

ஓபல் மடியில் இல்லாத முடியைத் தட்டிவிட்டார். "யாரோ கார் இன்சூரன்ஸ் விக்கிற பையன், கண்ணு. வெச்சுத் தொலைடான்னு சொல்லவே நாலு நிமிசம் ஆச்சு."

மெர்ல் தொப்பியைக் கழற்றி அதன் உள் விளிம்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ரோஸ்கோ தலையைச் சொறிந்தார். "தோட்டா யார் தப்பா வேணா இருக்கட்டும். டிக்குன்னு கேட்டா நிக்கணும். அது சுடுறவன் வேல. மெர்ல், இந்த வருசம் நீங்க இல்ல. இனிமே அவனவன் தோட்டாவ அவனவனே சுருட்டிக்கட்டும்."

"சரிதான்," என்றார் மெர்ல். ஆறு வருடம் காத்திருந்தவர் இவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஓபல் தன் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு இரண்டு திங்கட்கிழமைகள் அந்த மேசை வெறுமனே கிடந்தது. அவர் கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, சீப்புகளை மறுபடி மறுபடி கழுவினார்.

ஆண்கள் சுருட்டிய தோட்டாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒருவர் காபி வடிகட்டும் தாளில் சுருட்டினார். அது சுட்ட பிறகும் அறைக்குள் கனன்றுகொண்டிருந்தது. இன்னொருவருடையது பெட்டியில் இருக்கும்போதே வாய் பிளந்தது. மூன்றாவது திங்கட்கிழமை எல்லோரும் காலிப் பெட்டிகளோடு கடை வாசலில் நின்றார்கள். சுட இடமே இல்லாத மெர்லும் ஒரு பெட்டியோடு வந்திருந்தார்.

"நீங்க சுருட்டினா சிகரெட் மாதிரி இருக்கும், மிஸ் ஓபல். நாங்க சுருட்டினது டயபர் மாதிரி இருக்கு," என்றார் ரோஸ்கோ.

"டயபர் மாத்துற வயசுதானே ஒங்களுக்கெல்லாம். உள்ள வாங்க. கால மிதியடியில தொடச்சிட்டு வாங்க."

அன்றிலிருந்துதான் கைபேசிக்கு இந்த ஏற்பாடு. குருணைக்கும் ஒன்று செய்தார். முடிக்குப் போடுகிற நீலச் சாயத்தில் அதை ஊறவைத்துக் காயப்போட்டார். சுருட்டி முடித்த ஒவ்வொரு தோட்டாவையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மெல்லிய தாளுக்குள் கீழே கருப்பு, மேலே நீலம். மழைக்கு முந்திய வானத்தில் ஒரு துண்டு. கருப்பு தெரியாவிட்டால் குப்பைக்கு. இப்போது சுடும் கோட்டுக்கு முன்னால் புல்லெல்லாம் நீலப் பொடியாகக் கிடக்கிறது. மற்ற அணிக்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

செப்டம்பர் பந்தயத்தில் ஐந்து பேர் கோட்டில் நின்றார்கள். ஓபல் வழக்கம்போல் கயிற்றுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில், இரண்டு காதையும் அடைத்து, கண்ணைத் தரையில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெர்ல். அவர் காதை அடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சூடும் முழுசாக வெடித்ததும் ஓபலின் நாற்காலிக் கையில் ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினார். அறுபது சூடு. அறுபது தட்டு. கடைசித் தட்டுக்குப் பிறகுதான் ஓபல் நிமிர்ந்தார்.

மீதி, அக்டோபரில்தான் தெரிந்தது. மெர்லின் மனைவி யூனிஸ் அதே மூன்றாம் நாற்காலியில் உலர்த்திக்கு அடியில் உட்கார்ந்து, அந்த இரைச்சலில் தான் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று தெரியாமல் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் அந்தத் தோட்டாவைச் சுருட்டிய திங்கட்கிழமை, பத்தரை மணிக்கு ஓபலை அழைத்தது மெர்ல்தான். தன் பன்னிரண்டு தோட்டாவும் தயாரா என்று கேட்டுவிட்டு, தக்காளிச் செடியில் புழு விழுந்ததைப் பற்றி நாலு நிமிடம் பேசியிருக்கிறார்.