அனோஜின் வலது கை

வார நாட்களில் யோசப்பினுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சனி, ஞாயிறில் கலியாணம், முதல்நன்மை, செத்தவீடு என்று சிட்னித் தமிழருக்கெல்லாம் அவள்தான் கமராக்காரி. எலும்பையும் எடுப்பாள், ஆளையும் எடுப்பாள் என்று அவள் இருக்கும் டூங்கபிப் பகுதியில் பகிடி பண்ணுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், தனக்கென்று கறுப்பு வெள்ளைப் படங்களும் எடுத்தாள். அவைதான் கலை என்பது அவள் கட்சி. வாங்கத்தான் ஆளில்லை.

பிறகு என்.எஃப்.டி. என்று ஒன்று வந்தது. படத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் இதன் சொந்தக்காரர் இவர்தான் என்கிற பதிவு ஒருவருக்கே விற்கப்படும். யோசப்பின் தன் படம் ஒன்றை ஏற்றினாள். மெல்பேணில் ஒருவர் வாங்கிவிட்டார். பாராட்டி எழுதி, வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று முகவரியும் அனுப்பினார். கொஞ்ச நாள் அவள் கால் நிலத்தில் படவில்லை.

படத்தில் இருந்தது செத்துப்போன ஒருவரின் வலது கை. விரல்களில் செபமாலை, அதன்மேல் மனைவியின் கை. முகம் இல்லை, பெயர் இல்லை. ஊரிலிருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பவென்று நம்மவர்கள் செத்தவீட்டில் படம் எடுப்பார்களே, அப்படி அனோஜின் செத்தவீட்டில் எடுத்தது. மனைவி நிஷானியிடம் கேட்டுத்தான் ஏற்றினாள். "முகம் தெரியாட்டி சரி அக்கா" என்றாள் நிஷானி. புருஷனைப் புதைத்த ஈரம் காயாதவள் எதற்குத்தான் ஓம் சொல்லமாட்டாள்? யோசப்பின் அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இங்கே முகத்தைவிடக் கைதான் மோசம். அனோஜுக்குச் சுட்டுவிரலில் பாதி கிடையாது. சின்ன வயதில் ஊரில், மன்னார்ப் பேசாலைக் கடலில் வள்ளக் கயிறு பிடுங்கிக்கொண்டு போனது. அந்த விரலைத் தெரியாதவர் பேசாலையில் இல்லை. அங்கேதான் அனோஜின் தாய் லூர்தம்மா இருந்தாள், மகன் செத்தது தெரியாமல்.

நெஞ்சில் ஒபரேஷன் செய்து வந்தவள், அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால், மகன் தூரத்தில் சுரங்க வேலையில் இருக்கிறான், அங்கே சிக்னல் இல்லை என்று ஞாயிறுதோறும் நிஷானி போனில் பொய் சொன்னாள். ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. பூசையில் சுவாமியார் செத்தவரின் பெயரை வாசிப்பார், அது தாயின் காதில் விழுந்துவிடும் என்று ஊர்க் கோயிலில் அனோஜுக்கு ஒரு பூசைகூடக் கொடுக்கவில்லை.

இந்த நிலையில் வாங்கியவர் படத்தை இணையக் கண்காட்சி ஒன்றுக்குக் கொடுத்தார். மன்னார் ஆட்களின் பேஸ்புக் பக்கம் ஒன்று, எங்கட பிள்ளை யோசப்பினின் சாதனை என்று அதைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடியது. வெள்ளிக்கிழமை நிஷானி போனில் கத்தினாள்.

"அக்கா, மாமி பார்த்தா அந்த இடத்திலயே போயிடுவா. உடன எடுங்கோ அதை!"

யோசப்பின் கெஞ்சியதும் பேஸ்புக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். கண்காட்சிக்காரர்கள் அசையவில்லை, சொந்தக்காரர் சொல்ல வேண்டுமாம். எடுத்தவள் அவள்தான், ஆனால் விற்றபின் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. வைத்திருப்பவர் மட்டுமே அதை எரிக்கலாம். யாராலும் திறக்க முடியாத ஒரு முகவரிக்கு அனுப்பித் தொலைத்துவிடுவதைத்தான் எரிப்பது என்பார்கள். அவரோ எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை. சனிக்கிழமை முதல் விமானத்தில் யோசப்பின் மெல்பேணுக்கு ஏறினாள்.

படத்தை வாங்கிய பிரதீப்குமாரின் வீடு டண்டினொங் பக்கம். மதுரைக்காரர், ஐ.டி. வேலை. கையில் காப்பியோடு கதவைத் திறந்தவர், ஆளை அடையாளம் கண்டு வாய் நிறைய வரவேற்றார். சண்டை போடவும் தயாராகத்தான் அவள் போயிருந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் சண்டை மறந்துபோனது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு திரை, அதில் அனோஜின் கை. முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதை எரிக்கவேணும் அண்ணா. காசைத் திருப்பித் தாறன்."

அவர் முகம் சுருங்கியது. "உங்க மெசேஜ் பார்த்தேன். பதில் சொல்ல மனசு வரல. எங்க அப்பா போனப்ப கொரோனால பார்டர் மூடியிருந்தது, என்னால போக முடியல. வீடியோல முகத்தக் காட்டினாங்க. கையக் காட்டல. அந்தக் கையப் பிடிச்சுதாங்க நான் ஸ்கூலுக்குப் போனேன். இந்தப் படத்தப் பார்த்துதான் எனக்கு முதல் தடவையா அழுகையே வந்தது. இதப் போய் எரின்னு சொல்றீங்களே?"

யோசப்பினுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இவரிடம் கேட்பதும் பாவம், கேட்காமல் போவதும் பாவம்.

"இந்தக் கைக்கு ஒரு அம்மா இருக்கிறா" என்றாள். "மகன் செத்தது அவவுக்கு இன்னும் தெரியாது. பார்த்தாவெண்டா உயிர் தங்காது."

அவர் காப்பியைக் கீழே வைத்தார். யோசப்பினின் போன் அடித்தது. நிஷானி. எடுக்கப் பயந்து, அடிக்க விட்டாள். அது ஓய்ந்து திரும்பவும் அடித்தது. பிரதீப்குமார் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். உறுதியா என்று அது கேட்டது, அழுத்தினார். மீட்க முடியாது, உறுதியா என்று மறுபடி கேட்டது. அவர் விரல் அப்படியே நின்றது.

"நீங்க கூட இருக்கும்போதே செஞ்சுடறேன்" என்று சொல்லி அழுத்தினார். கண்காட்சிக்கும் ஒரு வரி எழுதி அனுப்பினார். பிறகு எழுந்துபோய்த் திரையை அணைத்தார். விளக்கை அணைக்கவில்லை.

போன் மூன்றாவது தடவை அடித்தது. "முடிஞ்சுது நிஷானி, அழிச்சாச்சு" என்றாள் யோசப்பின், அழுகையும் சிரிப்புமாக.

"மாமி நேற்றே பார்த்திட்டா அக்கா."

"ஐயோ. அவவுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. விடியப் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு இப்பதான் எனக்குக் கோல் எடுத்தவ. போனில பாதி விரலோட ஒரு கையைப் பார்த்தனான் பிள்ளை, பாவம், யாரோ பெத்த பிள்ளை, ஒரு பூசை குடுக்கப்போறன் எண்டு சொன்னா. அழக்கூட இல்லை. பிறகு கேட்டா... சுவாமி வாசிக்கிறதுக்கு என்ன பேர் குடுக்க எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"அனோஜ் எண்டு சொல்லிப்போட்டன், அக்கா."