வலது பக்கம் மட்டும்

என் வலது கன்னத்துக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். காலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வடக்கே டிரெய்லர் ஓட்டிப் போகும்போது வெயில் வலது பக்கம். சாயங்காலம் கன்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினால் அப்போதும் வலது பக்கம்தான். இருபது வருடமாக இதே கதை. கன்னம் கறுத்து, மங்கு பிடித்து, கண்ணோரம் சுருங்கிப்போய்விட்டது. இடது பக்கம் மட்டும் இன்னும் கல்யாண போட்டோவில் இருப்பது மாதிரியே இருக்கிறது.

இதற்காக நான் கவலைப்பட்டதே இல்லை. மூஞ்சியைப் பார்த்தா கன்டெய்னர் ஏற்றுகிறார்கள்? ஆனால் போன வருடம் உடம்பு தளர்ந்துபோனது. துறைமுக கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் வரிசையில் கிடந்து, வண்டியிலேயே தின்று, வண்டியிலேயே தூங்கி, கொருக்குப்பேட்டை வீட்டுக்கு வந்தால் என் மனைவி யாரோ விருந்தாளி வந்த மாதிரி பாயை எடுத்துப் போடுவாள். எனக்கு அழுகைதான் வரும். மாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்ட ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். அது கிடைத்தால் தினமும் வீட்டில் படுக்கலாம், எனக்கு அது போதும்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் அம்மாள் என் லைசென்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி லைசென்ஸைப் பார்த்தார். எனக்கு நாற்பத்து மூன்றுதான். பதினைந்து நாள் கழித்து வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். போச்சுடா, கிழவன் என்று முடிவு கட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாளே ராயபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். சின்ன வயதுப் பெண். மருந்து தடவினால் மேல்தோல் உரிந்து புதுத்தோல் வரும், மங்கும் சுருக்கமும் குறையும் என்றார்.

"வலது பக்கம் மட்டும் போடுங்கம்மா. இந்தப் பக்கம் நல்லாத்தான் கீது."

"அப்படிச் செஞ்சா ரெண்டு பக்கமும் ரெண்டு நிறமா தெரியும்."

"வண்டில ஒரு கதவு நசுங்குனா அந்தக் கதவைத்தானேம்மா டிங்கரிங் பண்ணுவோம்?"

அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் என் இஷ்டத்துக்கே செய்தார். பத்து நாளைக்கு வெயில் படவே கூடாது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் டிரெய்லர் ஓனர் போன் செய்தார். "ஆளே இல்ல நைனா. ஒரே ஒரு லோடு, போய்ட்டு வந்துடு."

மூஞ்சிக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்று எந்த டிரைவர் ஓனரிடம் சொல்லுவான்? போனேன். வலது ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டினேன், அது பக்கக் கண்ணாடியை மறைத்தது. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அவிழ்த்து எறிந்துவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து பகல் முழுக்க வரிசை நகரவே இல்லை. கன்னம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. ஒரு வாரத்தில் தோல் திட்டுத் திட்டாக உரிந்து, ஓரிடம் சிவப்பும் ஓரிடம் கரியுமாக நின்றது.

"இருந்த மூஞ்சியையும் கெடுத்துகினு வந்து நிக்கிறியே" என்றாள் மனைவி. திட்டிக்கொண்டே களிம்பு தடவிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் பஸ்ஸை ஓட்டிக் காட்டினேன். அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். "நல்லா ஓட்டுறீங்க. ஆனா முகத்துல என்ன இது? சின்னக் குழந்தைங்க ஏறுற வண்டி. பெத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" ஒட்டுகிற வியாதி இல்லை, மருந்து போட்டதால் வந்தது என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

கேட்டருகே அங்கே வேலை பார்க்கும் பழைய டிரைவர் என்னை நிறுத்தினார். "அன்னிக்கு வந்தது நீதானே? உன்னைத்தான் எடுக்கணும்னு அம்மா சொல்லிகினு இருந்தாங்க. சின்னப் பசங்க போனைப் பார்த்துகினு ஓட்றானுங்க, இவரு வயசானவரு, பொறுப்பா ஓட்டுவாருன்னு."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறினேன், உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் மனைவி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"வயசு பத்தலையாம்" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய், மறுநாள் வண்டிக்கு என் லுங்கியையும் போர்வையையும் மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.