வெளியே வராத ‘குடம்’

ஈயக்கம்பி உருகும்போது எழும் புகைக்குக் கற்பூரத்துக்கும் குங்கிலியத்துக்கும் நடுவே ஒரு வாசனை உண்டு. நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு, ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஆறேகால் வண்டியில் அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கி, அந்த வாசனையைத் துப்பட்டாவில் சுமந்தபடி ஜெயா அக்கா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அப்போது நாங்கள் அண்ணனூரில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். அவள் சாப்பாட்டுப் பையில், காலி டிபன் டப்பாவுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள் இருக்கும். கடைக்கு ஒருநாளும் வராமல் போன ஒரு டிவி கேமின் அந்த வாரத்துத் திருத்தம் அது. அந்த கேமை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லி அவள் இந்த ஆண்டு என்னிடம் கேட்டாள். அது முடியாமல் போனது என்னால்தான் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜெயா அக்கா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டிவி கேம் பெட்டிகளைப் பொருத்தி விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். கேசட்டுகளெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. நம் ஊர்க் கதையில் ஒரு கேம் செய்து பொங்கலுக்குள் கடைக்கு அனுப்பினால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. பெயர் ‘குடம்’. தெருவுக்குள் தண்ணீர் லாரி வரும். ஒரு பெண் ஓடிப் போய்க் குடத்தை நிரப்பி, வழியில் நிற்கும் நாயையும் வரிசையில் நுழைகிறவர்களையும் தாண்டி, லாரி கிளம்புவதற்குள் வீட்டு டிரம்மை நிறைக்க வேண்டும். மொத்தம் ஐந்து தெரு. படங்களைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தது ஜெயா அக்கா. அவற்றை ஓடவும் நிற்கவும் வைக்கும் புரோகிராமை எழுதியது அவளோடு வேலை பார்த்த தேவா அண்ணன்.

தேவா அண்ணனும் சில சனிக்கிழமைகளில் கூட வருவார். “இன்னா ஜெயா இது, நாயா ஆடா?” என்று திரையைப் பார்த்துக் கேட்பார். “நீ ஓட வுட்ற லட்சணத்துல அது ஆடாட்டம் ஆயிடுச்சு” என்பாள் அவள். ஆனால் அந்தப் பெண்ணின் நடையை மட்டும் அவள் கிண்டல் செய்ததில்லை. குடம் நிரம்பியதும் திரையில் அந்தப் பெண் ஒரு பக்கமாகச் சாய்வாள், இரண்டடி வேகமாக வைப்பாள், மூன்றாவது அடியில் ஒரு கணம் நின்று இடுப்பில் குடத்தைச் சரிசெய்வாள், பிறகு மறுபடி இரண்டடி. அது ஜெயா அக்காவின் நடை. தெருக்குழாயிலிருந்து அவள் தண்ணீர் எடுத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து அவர் எழுதியது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “இந்தத் தம்பி டிவியப் பாக்க வர்ற மாதிரி தெரியலையே” என்று அம்மா அடுப்படியில் இருந்தே சொல்வாள்.

அந்தக் கேசட்டுக்குப் பிளாஸ்டிக் கூடு கிடையாது. வெறும் பச்சை போர்டு, அதன்மேல் இரண்டு ‘சிப்’. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டம். ஒன்றில் படங்கள் இருந்தன. படங்கள் ஆரம்பத்திலேயே முடிந்துவிட்டதால் அதன் வட்டத்தைக் கறுப்பு டேப்பால் மூடியிருந்தார்கள். மற்றொன்றில் அவற்றின் ஓட்டம், அதாவது தேவா அண்ணன் எழுதிய புரோகிராம், இருந்தது; அதன் வட்டத்தின்மேல் தேதி எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வாரம் ஒரு முறை திருத்தி எழுதிய சிப்பைப் பொருத்திவிட்டு, பழையதை ஜெயா அக்கா எடுத்துப் போவாள். கம்பெனியில் அதை ஒரு மரப்பெட்டிக்குள் நீல விளக்கின் அடியில் வைத்து, கண்ணாடி வட்டம் வழியாக வெளிச்சம் பாய்ச்சி அழித்து, மறுபடி எழுதுவார்கள். சிப் விலை அதிகம் என்பதால் எந்த வாரத்து ‘குடமும்’ அடுத்த வாரத்தைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை.

கம்பெனிப் பெட்டி ஒன்றை எங்கள் டிவியோடு இணைத்து வைத்திருந்தார்கள்; எனக்குக் கொடுத்த வேலை, விளையாடித் தப்பு கண்டுபிடிப்பது. “டிவி புட்டுக்கும், பிக்சர் ட்யூப் போய்டும்” என்று அம்மா தினமும் எச்சரித்தாள். அப்பா ரயில் ஷெட்டில் வேலை பார்த்தவர். வண்டிகளின் கோளாறுகளை எழுதும் நோட்டைப் போலவே எனக்கும் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். “பார்த்ததை மட்டும் எழுது. நினைச்சதை எழுதாதே” என்றார். ‘மூன்றாம் தெரு: லாரி சுவருக்குள் போகிறது.’ ‘நான்காம் தெரு: நாய் இரண்டு முறை நிற்கிறது.’ இப்படியே எழுதினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய சிப்பைக் கழற்றியதும் ஜெயா அக்கா அதன் சீட்டை உரித்து என்னிடம் தருவாள். நான் அதை அந்த வாரத்துப் பக்கத்தின் தலையில் ஒட்டிக்கொள்வேன். எப்படியும் அழியப் போகிற சிப், அதனால் அதில் ஒரு தவறும் இல்லை. பதினான்கு பக்கங்களுக்குப் பதினான்கு சீட்டுகள் சேர்ந்தன.

பதினைந்தாவது வாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுப் பெட்டி பாதி விலைக்கு வந்தபோது முதலாளியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. “இத நீயே வெச்சுக்க கண்ணு. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க” என்று போர்டை என்னிடம் விட்டுவிட்டு ஜெயா அக்கா வேறு வேலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு தேவா அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு திருநின்றவூருக்குக் குடிபோனாள். என் நோட்டில் பதினைந்தாம் பக்கத்தின் தலை மட்டும் வெறுமையாக இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகத்தால் மெல்லக் கீறி, சீட்டைக் கிழியாமல் உரித்து ஒட்டினேன். கண்ணாடி வட்டத்துக்குள் தங்க இழைகள் அழகாகத் தெரிந்தன. அது தெரியட்டும் என்று போர்டை ஷோகேஸில் நிற்க வைத்தேன். அந்த ஷோகேஸ் மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. வீட்டை விற்றுப் பட்டாபிராம் ஃபிளாட்டுக்கு வரும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அது அங்கேயே நின்றது.

தேவா அண்ணன் சென்ற ஆண்டு இறந்தார். துக்கத்துக்குப் போனபோது ஜெயா அக்கா எதுவும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து அவளாகவே போன் செய்தாள். “அந்த போர்டு உங்கிட்டதான கீது? அவுரு நடந்துகினு இருக்கறாப்புல ஒரு வீடியோ கூட இல்லடி. அவுரு நடக்க வெச்ச நடையயாவது ஒரு தபா பாக்கணும்.”

வெளிவராமல் நின்றுபோன கேம்களின் சோதனைப் பிரதிகளைத் தேடிப் படித்துச் சேமித்து வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர்களில் ஒருவர், மணிவண்ணன், அம்பத்தூரிலேயே இருந்தார். ஐடி வேலை, சொந்த ஊர் சங்கரன்கோவில். ஒரு ஞாயிறு காலை நானும் ஜெயா அக்காவும் போனோம். போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தவர் முதலில் கேட்டதே, “மேடம், இதுல ஸ்டிக்கர் இல்லையே?” என்றுதான். நான் பதில் சொல்வதற்குள் டேப் ஒட்டிய சிப்பைக் கழற்றி, படிக்கும் கருவியில் வைத்துவிட்டார்.

மூன்று முறை படித்தார். மூன்று முறையும் ஒன்றே வந்தது. திரையில் குடம், லாரி, டிரம், நாய், சாய்ந்து நிற்கும் அந்தப் பெண்ணின் மூன்று தோற்றங்கள், எல்லாம் அட்டையில் ஒட்டிய பொட்டுகளைப் போல வரிசையாக நின்றன. ஜெயா அக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். “ஆடுதான். அவுரு சொன்னது கரெக்டு” என்றாள். பிறகு, “இத ஓட வுடுங்க சார்.”

“ஓட்டம் அடுத்த சிப்புலல்லா இருக்கு” என்று அவர் அதை வைத்தார். திரை முழுவதும் ஒரே எழுத்து, எஃப் எஃப் எஃப் எஃப் என்று, மேலிருந்து கீழ்வரை. மின்சார அளவைக் கூட்டியும் குறைத்தும் அரை மணி நேரம் முயன்றார். கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “காலி சிப் இப்படித்தான் பேசும். வெளிச்சம் பட்டுப் பட்டு அழிஞ்சிருக்கு.”

“ஸ்டிக்கர உரிச்சது நான்தான்க்கா” என்றேன்.

“எதுக்குடி?”

“நோட்டுல அந்தப் பக்கத்துல மேல காலியா இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் அந்தக் காரணம் எவ்வளவு சின்னது என்று எனக்கும் கேட்டது. மணிவண்ணன் சங்கடத்துடன், “படம் பூரா இருக்குல்லா அக்கா. நடைய நான் எழுதி ஓட வச்சுத் தாரேன், ரெண்டு நாள் வேலைதான்” என்றார்.

“வேணாம் சார். அது நீங்க நடக்க வெச்சதா இருக்கும். எந்தக் காலு எவ்ளோ நேரம் நிக்கணும்னு அவுருக்குத்தான் தெரியும்.”

கெட்டுப்போனதையும் கெட்டுப்போன விதத்தோடு சேர்த்து வைப்பது இவர்கள் வழக்கமாம். படங்களின் கோப்புக்குப் பக்கத்தில் காலியாக வந்த கோப்பு ஒன்றையும் வைத்து, காரணத்தை நான்கு வரியில் எழுதித் தரச் சொன்னார். பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி எழுத எனக்கு இருபது நிமிடம் ஆனது.

அம்பத்தூர் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் வண்டிக்கு நின்றோம். “வெயில்ல வீணாப் போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல நீ. நான் இன்னா செக் பண்ணவா போறேன்” என்றாள் ஜெயா அக்கா. குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. ஆவடி தாண்டியதும் பையிலிருந்து இரண்டு கொய்யா எடுத்தாள், ஒன்றை என்னிடம் கொடுத்தாள். நான் பட்டாபிராமில் இறங்கிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பார்சல் கிடங்கு நிற்கிறது. எங்கள் அண்ணனூர் வீட்டை இடித்து நான்கு வீடாகக் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் நான் போன் செய்தபோது ஜெயா அக்கா எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் எடுத்தாள். மோட்டார் ரிப்பேர் என்றாள், முழங்கால் வலி என்றாள், மகள் ஊரிலிருந்து வருவதைச் சொன்னாள். ஞாயிறுதோறும் இப்போதும் பேசுகிறோம். தேவா அண்ணனின் பெயரை மட்டும் என்னிடம் அவள் சொல்வதில்லை.