வெறும் தாளில் வைத்த கைநாட்டு

ஸ்டாம்ப் பேடு மைக்கு ஒரு வாசனை உண்டு. மருந்து வாசனையும் இல்லை, மண்ணெண்ணெய் வாசனையும் இல்லை... ஊதா நிறத்தில் கட்டைவிரலில் ஒட்டிக்கொள்ளும். கைநாட்டு வைத்ததும் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் இதைப் போனில் டைப் அடிக்கிறாள்.

எங்கள் ஊருக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். அந்த பஸ் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. மழைக்காலத்தில் கண்டக்டர் இறங்கி முன்னால் நடப்பார், பஸ் பின்னால் ஊர்ந்து வரும்... சரி, அந்தக் கதை வேண்டாம். பஸ்ஸைப் பற்றிப் பேசினால் கோபம் வேறு பக்கம் போய்விடும்.

எங்கள் ஊர் கிராம சபை எப்படி நடக்கும் தெரியுமா? பஞ்சாயத்து கிளார்க் நோட்டைத் திறந்து வைப்பார். பக்கம் வெறுமையாக இருக்கும். நாங்கள் வரிசையாகக் கைநாட்டு வைப்போம். டீ குடிப்போம். வீட்டுக்குப் போய்விடுவோம். என்ன பேசினோம், எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பதையெல்லாம் அவர் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். கல்யாணத்துக்குப் போனால் சந்தனம் தொட்டுக்கொள்வதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று நினைத்திருந்தேன்.

அப்போது பவித்ரா பத்தாவது. என் மச்சான் மகள். கிராம சபையைப் பார்த்து எழுதி வரும்படி டீச்சர் சொன்னாராம். யூனிபார்மோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் மையில் விரலை வைத்துவிட்டேன்...

"மாமா, இரு. இன்னா எழுதியிருக்குது இதுல?"

"ஒண்ணும் எழுதலம்மா."

"ஒண்ணும் எழுதாததுக்கு எதுக்கு கைநாட்டு வைக்கிற?"

கிளார்க் சிரித்தார். "இன்னா பாப்பா, எங்களுக்கே பரீட்ச வைக்கிறியா?"

"இல்ல சார். முதல்ல எழுதுங்க, படிச்சுக் காட்டுங்க. அப்புறம் வைப்பாங்க. எங்க புக்குல அப்படித்தான் போட்டிருக்குது."

மேல்தெருப் பெண்களுக்கு ஒரே குஷி. "அப்டின்னா எங்க மோட்டாரு ரிப்பேரையும் எழுதச் சொல்லுடி! ஓடையிலருந்து தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு!"

எழுத வைத்தாள். எழுதியதை வாங்கி, ஊருக்கே கேட்கும்படி படித்தாள். அதற்குக் கீழேதான் அன்று எல்லோரும் கைநாட்டு வைத்தோம். அடுத்த மாதம் மோட்டார் ஓடியது. மேல்தெருவில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஆடினார்கள்.

கிளார்க்குக்கு மட்டும் முகம் கறுத்துப் போனது. அதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் விஷயத்தைக் கற்று, ஊருக்காக நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவட்டத்தில் ஒரு பரிசு கொடுத்தார்கள். மேடை, ஷீல்டு, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஹெட்மாஸ்டர் பவித்ரா பெயரை எழுதி அனுப்பினார். மச்சான் மலையிலிருந்து சந்தவாசல் வரைக்கும் இறங்கிப் போய் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

அந்த வாரம் நான் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கிளார்க் வந்தார். கையில் ஒரு தாள்.

"உங்க பாப்பாவுக்குப் பரிசு தர்றாங்களாம். ஊர்க்காரங்க சம்மதம் வேணுமாம். நீங்கதான் முதல்ல வைக்கணும், தாய்மாமன் மொறையாச்சே."

நான் தாய்மாமனே இல்லை, அவளுடைய அத்தை புருஷன். அது அவருக்கும் தெரியும். ஆனால் கேட்கும்போது இனித்தது. விரலெல்லாம் புளி. அவரே கைக்குட்டையை எடுத்து என் கட்டைவிரலைத் துடைத்துவிட்டார். எவ்வளவு மரியாதை பாருங்கள்!

தாள் வெறுமையாகத்தான் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். பிள்ளைக்குப் பரிசு என்ற சந்தோஷத்தில், பிள்ளை சொன்னது மறந்துவிட்டது. என் கைநாட்டைக் காட்டி ஊரில் பாதிப் பேரிடம் வாங்கிவிட்டார்.

பரிசு வேறு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஹெட்மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு அந்தத் தாளின் நகலைக் கொடுத்தார். பவித்ராதான் படித்தாள், அன்று கிராம சபையில் படித்த அதே குரலில். "இந்த மாணவி கிராம சபையில் பெரியவர்களை அவமதித்தவர். இவருக்குப் பரிசு வழங்குவதில் ஊராருக்குச் சம்மதம் இல்லை." கீழே பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. அதோடு நிறுத்திவிட்டாள்.

"வெறும் தாள்லயா வெச்ச மாமா?"

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிளார்க்கைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். "கைநாட்டு உன்னுதா, என்னுதா?" என்று கேட்டான். இனி அவனுக்கு என்ன 'அவர்'? மேலே போய்ச் சொன்னோம். வேறு ஊருக்கு மாற்றினார்கள். தண்டனையா அது? அங்கேயும் வெறும் நோட்டைத்தானே திறந்து வைப்பான்!

பரிசைக் கேட்டால், "கொடுத்தது கொடுத்ததுதாங்க" என்றார்கள். மறுவருஷம் ஊரே சேர்ந்து எழுதிக்கொண்டு போனோம். "பத்தாவது வரைக்கும்தான் இந்தப் பரிசு, பொண்ணு பத்தாவது முடிச்சிட்டாளே, இப்ப தர முடியாதே" என்றார்கள்.

இப்போது பவித்ரா வேலூரில் காலேஜ் படிக்கிறாள். எங்கள் கிராம சபையில் படித்துக் காட்டாமல் ஒரு விரலும் மையைத் தொடாது. போன வாரம் அதே பரிசுக்கு ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்திக்காகத் தாள் வந்தது. மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். புது கிளார்க் கொட்டாவி விட்டார். விடட்டும்.

வைத்துவிட்டு வேலூருக்குப் போன் போட்டேன்.

"படிச்சப்புறம்தானே வெச்ச மாமா?" என்றாள்.

"மூணு தபா படிக்கச் சொல்லிக் கேட்டேம்மா."

"அத்தை இன்னா பண்ணுது?" என்று கேட்டாள்.

அப்போதெல்லாம் மையை உடனே தலையில் தேய்த்துக்கொள்வேன். அன்று தேய்க்கவில்லை. சாப்பிடும்போது இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஊதா விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்...