குளிர் அறையில் நின்ற மரம்

எங்கள் வீடு நியூ ஜெர்சியில், பார்சிப்பனியைத் தாண்டி மலைப்பக்கம் ஏறிப் போகிற சாலையில் இருக்கிறது. பழைய வீடு. அதற்குச் சூடு தருவது ஒரு விறகடுப்பு. சமைக்கிற அடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நடு அறையில், கறுப்பாக, நாலு காலில், படுக்க மறந்துபோன கன்றுக்குட்டி மாதிரி நிற்கும் இரும்புப் பெட்டி அது. வயிற்றில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குள் கட்டைகள் எரிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் நேரம் எங்கே போகிறதென்று தெரியாது.

அடுப்பு இருக்கிற அறை மட்டும்தான் சுகமாக இருக்கும். தள்ளித் தள்ளிப் போகப் போகக் குளிர் கூடும். தெருவைப் பார்த்த முன்னறை இருக்கிறதே, அது ஃப்ரிட்ஜ்தான். குளிர்காலத்தில் அதன் கதவைச் சாத்திவைத்துவிடுவோம்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அப்பார்ட்மென்டில் இருந்தோம். அங்கே எங்கள் கிறிஸ்மஸ் மரம் பிளாஸ்டிக். ஒவ்வொரு வருஷமும் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வரும், திரும்ப உள்ளே போகும். நிஜ மரம் வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் வெகுநாள் ஆசை. அவள் நர்ஸ். கிறிஸ்மஸ் அன்றைக்குப் பெரும்பாலும் டியூட்டியில்தான் இருப்பாள். இந்தத் தடவை லீவு கிடைத்தது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மரத் தோட்டத்துக்குப் போனோம். அவள் ஒவ்வொரு மரமாகப் போய், இலையை உருவி, விரலை மோந்து பார்த்தாள். ஊசி ஊசியான இலை. கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இதுதாங்க. ஆரஞ்சுத் தோல் வாசனை வருது பாருங்க."

எங்கள் மூவருக்கும் பச்சை வாசனைதான் வந்தது. ஆனாலும் தலையாட்டினோம்.

மரத்தைக் கார்மேல் கட்டிக் கொண்டுவந்து, அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் நிறுத்தினேன். அன்று சாயந்திரமே ஊரிலிருந்து போன் வந்தது. என் மாமனார் பாளையங்கோட்டையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாராம். ஆபரேஷன் செய்ய வேண்டும். என் மனைவி அவருக்கு ஒரே பிள்ளை. கிடைத்த முதல் விமானத்தில் கிளம்பினாள்.

பெட்டியை மூடும்போது, மரத்தின் உச்சியில் வைக்கிற நட்சத்திரத்தை அதன் டப்பாவோடு எடுத்துச் சின்னவள் கையில் கொடுத்தாள். வருஷா வருஷம் அதை வைப்பது என் மனைவிதான்.

"ஸ்டாரை நான் வந்துதான் வைப்பேன். அதுவரைக்கும் மரத்தைப் பச்சையா வச்சிருப்பியா?"

"ப்ராமிஸ்மா," என்றாள் சின்னவள். அவளுக்கு ஏழு வயது. அந்த வயதில் கொடுத்த வாக்கை யாரும் மீறமாட்டார்கள்.

இனி மரத்தைக் காப்பாற்றுவது எங்கள் மூன்று பேரின் வேலை. உண்மையைச் சொன்னால், நான் அதை ஏற்கெனவே செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. இங்கே இந்திய மளிகைக் கடை ஒன்றில் வேலை. மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது முருங்கை. முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால், மேல் வெட்டில் சாணி அப்பிவிடுவோம். ஈரம் அந்த வழியாகப் போய்விடக் கூடாது என்பதற்கு. இந்த மரத்துக்கும் அடியில் அப்படித்தானே வெட்டியிருக்கிறது, அடுப்பு வேறு எதிரில் எரிகிறது, இருக்கிற ஈரத்தையாவது உள்ளே பிடித்துவைப்போம் என்று நினைத்தேன். சாணிக்கு எங்கே போக? மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, அடி வெட்டு முழுக்கக் கனமாக ஊற்றினேன். அது இறுகிய பிறகு மரத்தை இரும்புத் தாங்கியில் இறக்கி, தாங்கியின் கிண்ணத்தில் தண்ணீரும் நிரப்பினேன். ஊரிலிருந்து போன் வருவதற்கு முன்பே நடந்தது இது; மனைவி அப்போது மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இதைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் கனவு மாதிரி இருந்தன. வெளியே பனி விழும். உள்ளே அடுப்பு முனகும். அறைக் காற்று காய்ந்துவிடக் கூடாதென்று அடுப்பின் மேல் ஒரு பெரிய பானையில் தண்ணீர் வைத்திருந்தேன். ஆவி மெல்ல எழுந்து, மரத்தில் சுற்றியிருந்த சின்ன விளக்குகளின் முன்னால் போகும். அப்போது விளக்குகள் ஆற்றங்கரையில் தெரிகிற விளக்குகள் மாதிரி நடுங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கம்பளத்தில் படுத்து மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் சில சமயம் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். அடியிலிருந்து பார்த்தால் அது மரம் இல்லை; ஒரு மலை. மேலே மேலே ஏறிப்போகிற பச்சை வழி. அதன் உச்சியில் ஒன்றும் இல்லாத ஒரு நுனி.

எங்களுக்குக் காலை என்றால் ஊரில் சாயந்திரம். அப்போது மனைவி வீடியோவில் வருவாள். ஒருநாள் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது பானை.

"அது என் இட்லிப் பானைதானே?"

"ஆமா. காத்துக்கு ஈரம் வேணும்ல?"

"நல்லாயிருக்கு. மரத்துக்கு ஆவி பிடிக்கிறீங்க. அதுக்கென்ன சளியா?" பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி கேட்டாள்: "தண்ணி எவ்வளவு குடிக்குது?"

"ஊத்தின தண்ணி அப்படியே இருக்கு. ஒரு சொட்டு குறையல. அவ்வளவு திடமா இருக்கு மரம்," என்றேன் பெருமையாக.

அவள் திரையருகே குனிந்து மரத்தின் அடியைப் பார்த்தாள். பின்னால் ஆஸ்பத்திரி வராண்டாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, வார்டுல ஒருத்தர் நாள் முழுக்கத் தண்ணியே குடிக்கலன்னா நாங்க சந்தோஷப்பட மாட்டோம். டாக்டரைக் கூப்பிடுவோம்."

அப்போதுதான் பெரியவள் சொன்னாள்: "மம்மி, அப்பா புட் வாக்ஸ் ஆன் இட். அடில ஃபுல்லா கேண்டில் ஊத்திட்டாங்க."

"மெழுகா?"

நான் முருங்கைக் கதையைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

"வாயை அடச்சிட்டுக் குடி குடின்னா எப்படிங்க குடிக்கும்?"

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாள். அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லையாம். ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வர முடியாது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் வரப் பார்க்கிறேன் என்றாள். பாலன் இயேசுவைப் பார்க்க ராஜாக்கள் வந்ததை நினைத்து ஜனவரியில் கொண்டாடுகிற திருநாள் அது.

போனை வைத்ததும் சின்னவள் போய் ஒரு கிளையை மெல்ல உருவினாள். இலைகள் அவள் உள்ளங்கையில் உதிர்ந்தன. பச்சையாகத்தான் இருந்தன, ஆனால் உதிர்ந்தன. அவள் அவற்றைத் தரையில் போடவில்லை. நட்சத்திரம் இருந்த டப்பாவிலேயே போட்டு மூடினாள்.  

அன்றைக்கு வேலைக்கு லீவு சொன்னேன். விளக்கு, மணி, ஜிகினா எல்லாவற்றையும் கழற்றினோம். மரத்தைப் படுக்கவைத்தோம். பெரியவள் நடுத்தண்டைப் பிடித்துக்கொள்ள, சின்னவள் நுனியில் உட்கார்ந்துகொள்ள, மெழுகுக்கு மேலே விரற்கடை அளவு தள்ளி ரம்பத்தை வைத்து அறுத்தேன். குட்டித் தோசைக்கல் மாதிரி வட்டமாக ஒரு துண்டு விழுந்தது. ஒரு பக்கம் வெள்ளை மெழுகு, மறுபக்கம் ஈர மரம். புது வெட்டிலிருந்து வாசனை குபீரென்று வந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். ஆரஞ்சுத் தோல் வாசனை. அவள் சொன்னது நிஜம்தான்.

வெட்டுவாய் காய்வதற்குள் மரத்தை நிறுத்திப் பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். பெரியவள் காதைத் தண்டில் வைத்தாள். சின்னவளும் வைத்தாள். கடைசியில் நானும். உள்ளே மெல்லிய ஒரு சத்தம், பக்கத்து அறையில் யாரோ பால் குடிக்கிற மாதிரி. அது அடுப்பில் கட்டை சீறிய சத்தமாகவும் இருக்கலாம். நாங்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் கிண்ணம் காலி.

"ஹி வாஸ் ஸோ தர்ஸ்டி," என்றாள் சின்னவள்.

அப்புறம் மரத்தை அந்த அறையிலிருந்தே கொண்டுபோய்விடுவது என்று முடிவுசெய்தோம். அடுப்புக்கும் அதற்கும் ஒத்துவராது. முன்னறைக் கதவைத் திறந்து, ஜன்னலோரம் நிறுத்தி, மறுபடி விளக்குச் சுற்றி, கதவைச் சாத்தினோம். அங்கேயிருந்து குளிர் கசிந்துவிடக் கூடாதென்று நாங்கள் பயப்பட்டது போக, இப்போது சூடு அங்கே கசிந்துவிடக் கூடாதென்று கதவடியில் துண்டைச் சுருட்டிவைத்தோம். தெருவில் போகிறவர்களுக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆகவே கிறிஸ்மஸ் காலையில், பூசை முடிந்து வந்ததும், கோட்டும் குல்லாயும் கழற்றாமல் அந்த அறையில் போர்வை விரித்து உட்கார்ந்தோம். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. சூடான பிரியாணியிலிருந்தும் புகை வந்தது. சின்னவள் இரண்டையும் கலக்கிறேன் என்று ஊதி ஊதி விளையாடினாள். மனைவி போனில் பார்த்துவிட்டு, "காஷ்மீர் போயிட்டீங்களா மூணு பேரும்?" என்றாள். தாத்தாவுக்குக் காய்ச்சல் விட்டு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கட்டிலில் சாய்ந்தபடி அவரும் கையாட்டினார்.

மரத்தடியில் குடில் வைத்திருந்தோம். மாதா, சூசையப்பர், பாலன், ஆடுகள் என எல்லாப் பொம்மைகளும் அங்கே. மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் மட்டும் சமையலறை அலமாரியில் வைத்தோம். திருநாளன்றுதான் அவர்கள் குடிலுக்கு வந்துசேர வேண்டும். அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் அது சின்னவளின் வேலை. இந்தத் தடவை ராஜாக்கள் நடு அறை அடுப்புப் பக்கம் வந்ததும் நகரவே இல்லை.

"ஏன் நின்னுட்டாங்க?" என்றேன்.

"அவங்களுக்குக் கோல்டா இருக்கு அப்பா. லெட் தெம் ரெஸ்ட்." கொஞ்சம் கழித்து, "அம்மா ஃப்ளைட் ஏறினதும் போவாங்க," என்றாள்.

புது வருஷம் பிறந்தது. எங்கள் தெருவில் மற்ற வீட்டு மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, குப்பை வண்டிக்காகச் சாலையோரம் படுத்துக்கொண்டன. சிலதில் ஜிகினா இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்துக்கு நடக்கும்போது சின்னவள் அவற்றைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வீட்டுக்கு வந்ததும் நேராக முன்னறைக்குப் போவாள். பெரியவள் நீள மூக்குக் கெண்டியை எடுத்துக்கொண்டு, குப்புறப் படுத்து, கிளைகளுக்கடியில் கையை விட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். வெட்டு எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் பிசின் அடைத்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்துவைத்திருந்தாள். நான் நடு அறை அடுப்பிலும் ஒரு கட்டை குறைத்தே வைத்தேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு காலை எழுந்து வந்து பார்த்தேன். ராஜாக்கள் அடுப்பை விட்டுக் கிளம்பி, சாத்தின கதவின் முன்னால் வரிசையாக நின்றார்கள். மனைவி விமானம் ஏறிவிட்டாள்.

நியூவர்க் விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மத்தியான வெயில் பனிமேல் விழுந்து கண் கூசியது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சின்னவள் அவள் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனாள். மனைவி மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கிளையைப் பிடித்து, நுனிவரை உருவினாள். ஒன்றுகூட உதிரவில்லை. விரலை மோந்து பார்த்தாள். அவள் அப்பாவின் ஆஸ்பத்திரி வாசனை இத்தனை நாளும் அந்த விரல்களில் இருந்திருக்கும்.

"ஸ்டார் எங்கடி?"

சின்னவள் டப்பாவைத் திறந்தாள். நட்சத்திரத்தோடு பழைய இலைகளும் கொட்டின. மனைவி அவற்றைத் திரும்ப டப்பாவில் அள்ளிப்போட்டாள். நாற்காலி மேல் ஏறி நட்சத்திரத்தை வைத்தாள். கீழே சின்னவள் ராஜாக்களை ஒவ்வொருவராகக் குடிலுக்குள் விட்டாள். ஒட்டகம் கடைசியாக வந்தது.

இறங்கும்போது மனைவிக்கு உடம்பு நடுங்கியது. பாளையங்கோட்டை வெயிலிலிருந்து வந்தவள்.

"ஏன் இந்த ரூம் இப்படி ஐஸா கிடக்கு? கதவத் திறங்க."

"நோ மம்மி, மரம் காஞ்சிடும்," என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அவள் இருவரையும் பார்த்தாள். குல்லாய், கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், சிவந்த மூக்கு.

"நான் வந்துட்டேன்ல. இனி காஞ்சா காயட்டும். திற."

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் சின்னவளைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தது அவள். அவள் குனிந்து, கதவடியில் இருந்த துண்டை எடுத்தாள். கதவை விரியத் திறந்துவைத்தாள்.

சூடு அவசரப்படாமல் வந்தது. முதலில் பிள்ளைகளின் குல்லாய்கள் கழன்றன. பிறகு கோட்டுகள். மனைவி முன்னறை சோபாவிலேயே சாய்ந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பேர். பேசிக்கொண்டே இருந்தவள் நடு வாக்கியத்தில் தூங்கிப்போனாள். அறை வெதுவெதுப்பாக ஆக ஆக, இத்தனை நாள் குளிரில் அடங்கிக் கிடந்த வாசனை மரத்திலிருந்து கிளம்பி வீடு முழுக்கப் பரவியது. எங்கோ ஒரு கிளையிலிருந்து ஒரேயொரு இலை, குடிலின் வைக்கோல்மேல் விழுந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கைக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

நான் நடு அறைக்குப் போய், அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்து, அத்தனை நாளும் குறைத்து வந்த அந்த ஒரு கட்டையை வைத்தேன்.